போஸ்ட்டாக் தேடல்: பணம் யார் கையில், காலம் யார் பக்கம்

நம் ஊரில் வேலை என்றால் ஓர் அறிவிக்கை இருக்கும். எத்தனை இடம், எந்தப் பிரிவுக்கு எத்தனை, வயது வரம்பு என்ன, கடைசித் தேதி எது என்று எல்லாம் அச்சாகி வரும். அப்புறம் ஹால் டிக்கெட், தேர்வு, கட்-ஆஃப், பட்டியல். டிஎன்பிஎஸ்சி ஆனாலும் வங்கித் தேர்வு ஆனாலும் முறை இதுதான். அறிவியலில் பிஎச்.டி. முடித்தவர் போஸ்ட்டாக் தேடக் கிளம்பும்போதும் இந்தப் பழக்கத்தோடுதான் கிளம்புகிறார். விளம்பரம் வரட்டும் என்று காத்திருக்கிறார், வந்ததும் போடுகிறார், நூறு இடத்துக்குப் போட்டும் ஒரு பதில்கூட இல்லை என்கிறார். அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் போஸ்ட்டாக் இடங்களில் பெரும்பகுதி விளம்பரத்தில் பிறப்பதில்லை. ஒரு பேராசிரியரின் கையில் திட்ட நிதி வந்து சேரும்போது சில பிறக்கின்றன. ஓர் இளம் ஆய்வாளரின் தகுதிக்காலமும் ஓர் உதவித்தொகையின் கடைசித் தேதியும் ஒத்துப்போகும்போது சில. பணம் எப்போது யாரிடம் வருகிறது, தனக்கு இன்னும் எத்தனை மாதம் மிச்சம் என்ற இரண்டு கணக்கும் தெரியாமல் தேடுகிறவருக்கு எந்த இணையதளமும் உதவாது.

போஸ்ட்டாக் என்ற ஏற்பாட்டுக்கு வயது நூறுக்கு மேல். 1919இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பணத்தில் அமெரிக்கத் தேசிய ஆய்வு மன்றம், இயற்பியலிலும் வேதியியலிலும் பட்டம் முடித்தவர்களுக்கு உதவித்தொகை தரத் தொடங்கியது. பாடம் நடத்தும் சுமையில்லாமல் ஓரிரு ஆண்டு ஆய்வு மட்டும் செய்யட்டும் என்பது நோக்கம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அரசுப் பணம் பல்கலைக்கழக ஆய்வகங்களுக்குள் பெரிய அளவில் வந்தது. ஒரு சிலருக்கான சலுகையாக இருந்த போஸ்ட்டாக், ஆய்வகத்தின் அன்றாட வேலையைச் சுமக்கும் தற்காலிகப் பணியாக மாறிவிட்டது. இன்றைக்கு இரண்டுமே இருக்கின்றன, ஒரே பெயரில்.

அதாவது, பேராசிரியர் தன் திட்ட நிதியிலிருந்து சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளும் இடம் ஒரு வகை. விண்ணப்பிப்பவர் தானே போட்டியிட்டு வென்று, பணத்தோடு போய்ச் சேரும் உதவித்தொகை இன்னொரு வகை. முதலாவதில் என்ன வேலை என்பது பேராசிரியர் நிதி கேட்ட விண்ணப்பத்திலேயே எழுதப்பட்டிருக்கும். இரண்டாவதில் திட்டம் உங்களுடையது, பின்னால் வேலை தேடும்போது அதற்கு மதிப்பும் கூடுதல். எண்ணிக்கையில் முதல் வகைதான் மிக அதிகம்.

முதல் வகையில் விளம்பரம் என்பது கடைசிக் கட்டம். நேச்சர் கேரியர்ஸ், ஐரோப்பாவின் யூராக்செஸ், ஜப்பானின் ஜேரெக்-இன் ஆகியவற்றைத் தினமும் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் பொதுப் பணத்தில் ஆள் எடுக்க விளம்பரம் போட்டாக வேண்டும் என்ற விதி பல இடங்களில் உண்டு. அந்த விளம்பரம் வெளியாகும்போதே பேராசிரியர் மனத்தில் ஒரு பெயர் ஓடிக்கொண்டிருக்கும். மாநாட்டில் நன்றாகப் பேசியவர், கூட்டாளியின் மாணவர், மூன்று மாதம் முன்பே எழுதிக் கேட்டவர், இப்படி யாராவது. அந்தப் பெயராக இருக்க வேண்டுமென்றால் விளம்பரத்துக்கு முன்னால் போய் நிற்க வேண்டும்.

பணம் வந்த செய்தி ஒன்றும் ரகசியமில்லை. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் தான் கொடுக்கும் நிதியின் விவரங்களை ‘ரிப்போர்ட்டர்’ என்ற தரவுத்தளத்தில் வைத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு ‘கார்டிஸ்’, ஜெர்மனியின் ஆய்வு நிதி அமைப்பான டிஎஃப்ஜிக்கு ‘கெப்ரிஸ்’, பிரிட்டனுக்கு ‘கேட்வே டு ரிசர்ச்’, ஜப்பானுக்கு ‘காக்கென்’. உங்கள் துறைக்குரிய சொல் ஒன்றைப் போட்டு, தொடக்க ஆண்டை வைத்து வடிகட்டினால், யாருக்குப் புதிதாக நிதி வந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். ஐரோப்பிய ஆய்வு மன்றத்தின் தொடக்கநிலை நிதியை எடுத்துக்கொள்வோம். ஓர் இளம் ஆய்வாளருக்கு ஐந்தாண்டுக்கு 15 லட்சம் யூரோ வரை. முடிவுகள் வழக்கமாகச் செப்டம்பரில் வரும். 2025இல் 478 பேருக்குக் கிடைத்தது. இவர்களில் பெரும்பாலோர் அடுத்த ஓராண்டுக்குள் ஆள் சேர்த்தாக வேண்டியவர்கள். பெரும்புள்ளி ஒருவரின் இன்பாக்ஸில் நூறாவது கடிதமாக விழுவதைவிட, இனிமேல்தான் ஆய்வகமே அமைக்கப்போகிற ஒருவருக்கு எழுதுவது எவ்வளவோ மேல். ஆனாலும் நம் மாணவர்கள் பெரும்புள்ளிக்கே எழுதுகிறார்கள். பாடப்புத்தகத்தில் பார்த்த பெயர் அதுதானே.

அடுத்தது கடிதம். நம் பக்கத்திலிருந்து போகும் கடிதங்களுக்கு ஒரு வார்ப்பு இருக்கிறது. ‘மதிப்பிற்குரிய ஐயா/அம்மா’ என்று தொடங்கும். அந்தச் சாய்கோடே சொல்லிவிடும், இது எத்தனை பேருக்குப் போயிருக்கிறது என்று. பிறகு, தங்களுடைய புகழ்பெற்ற ஆய்வகத்தில் சேர மிகுந்த ஆவல். பிறகு, கையாளத் தெரிந்த கருவிகளின் பட்டியல்: எக்ஸ்ஆர்டி, செம், டெம், எஃப்டிஐஆர், யுவி-விஸ். கடைசியில், நான் கடின உழைப்பாளி, எந்த வேலை கொடுத்தாலும் செய்வேன். இணைப்பில் பத்துப் பக்கப் பயோடேட்டா, அப்பா பெயரும் பிறந்த தேதியும் உட்பட. எந்த வேலையையும் செய்வேன் என்பவருக்கு எந்த வேலையைக் கொடுப்பது? பேராசிரியர் பதில் போடாமல் விட்டுவிடுகிறார்.

பதில் வாங்கும் கடிதம் சின்னதாக இருக்கும். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தில் சோடியம்-அயனி பேட்டரியில் வேலை செய்து முடிக்கப்போகும் ஒருவர் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். முதல் வாக்கியத்தில், இன்ன மாதம் தீசிஸ் கொடுக்கிறேன், என் வேலை இது என்பார். இரண்டாவதில், உங்கள் சென்ற ஆண்டுக் கட்டுரையில் சில சுழற்சிகளுக்குப் பின் கொள்திறன் ஏன் சரிகிறது என்பதை விடை சொல்லாமல் விட்டிருந்தீர்கள், மின்முனையின் மேல் படியும் படலம் பற்றி என்னிடம் உள்ள அளவீடுகள் அதற்கு ஒரு காரணத்தைக் காட்டுகின்றன என்பார். மூன்றாவதில், உங்கள் புதிய திட்டத்தில் இதைச் செய்து பார்க்க ஆசை, இப்போது இடம் இல்லையென்றால் இன்ன உதவித்தொகைக்கு உங்களிடம் வருவதாகப் போடலாமா என்று கேட்பார். பிறகு இரண்டு கட்டுரைகள், பரிந்துரைக்கும் மூவரின் பெயர்கள். அவ்வளவுதான். இதில் காரியத்தைச் சாதிப்பது மூன்றாம் வாக்கியம். பேராசிரியருக்குச் செலவில்லாமல் சரி சொல்ல ஒரு வழி அதில் இருக்கிறது. பல பேச்சுகள் அங்கேதான் தொடங்குகின்றன.

கடிதம் எழுதி இடம் பிடிப்பது புதிய வித்தையும் இல்லை. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 1976இல் ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் பிஎச்.டி. முடித்துவிட்டு, உயிரியலுக்கு மாறுவதற்காகச் சான் டியாகோவில் மறுபடியும் மாணவராகச் சேர்ந்தார். ரைபோசோமை நியூட்ரான் சிதறல் மூலம் ஆராய்வது பற்றி யேல் பல்கலைக்கழகத்தின் டொனால்ட் எங்கல்மனும் பீட்டர் மூரும் சயன்டிஃபிக் அமெரிக்கனில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு எழுதிக் கேட்டார். 1978இல் மூரின் ஆய்வகத்தில் போஸ்ட்டாக் ஆனார். இயற்பியலும் தெரிந்து உயிரியலும் படித்திருந்த ஆள் அந்த வேலைக்குக் கச்சிதம். இந்தக் கதையின் பிற்பாதியைப் பலர் சொல்வதில்லை. அந்தப் போஸ்ட்டாக்கிற்குப் பின் சுமார் ஐம்பது பல்கலைக்கழகங்களுக்குப் போட்டும் அவருக்கு ஆசிரியப் பணி கிடைக்கவில்லை. ஓக் ரிட்ஜ், பிறகு புரூக்ஹேவன் என்று தேசிய ஆய்வகங்களுக்குத்தான் போனார். 2009இல் நோபல் பரிசு வந்தது அதே ரைபோசோமுக்கு.

பரிந்துரைக் கடிதம் பற்றி ஒரு வார்த்தை. ஒழுக்கமானவர், பணிவானவர், நேரம் தவறாதவர் என்று நம் கைடுகள் நல்லெண்ணத்தோடு எழுதித் தருகிறார்கள். வெளியே அதைப் படிப்பவர், ஆய்வைப் பற்றிச் சொல்ல இவரிடம் ஒன்றும் இல்லை போலிருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார். எந்தச் சிக்கலில் மாட்டினார், அதிலிருந்து தானாக எப்படி வெளியே வந்தார் என்ற ஒரு பத்தி, ஒரு பக்கப் புகழ்ச்சியைவிடக் கனமானது. மூன்று பரிந்துரையில் ஒன்றாவது சொந்தத் துறைக்கு வெளியே இருந்து வர வேண்டும். துறைத்தலைவர் என்ற பதவிக்காக ஒருவரிடம் வாங்குவது வீண். வெளியாள் ஒருவருக்கு உங்கள் வேலை தெரிந்திருக்க வேண்டுமென்றால், பெங்களூரு ஐசிடிஎஸ்ஸிலோ தரமணிக் கணித அறிவியல் நிறுவனத்திலோ நடக்கும் பள்ளிகளுக்கு, பயிலரங்குகளுக்கு, பிஎச்.டி.யின் மூன்றாம் நான்காம் ஆண்டிலேயே போய்ப் பேசிப் பழகியிருக்க வேண்டும். மாவட்டக் கல்லூரி ஒன்றில் பகுதிநேரமாகப் பிஎச்.டி. செய்பவருக்கு இது எவ்வளவு கடினம் என்பது தெரிந்ததே. திறமையில் குறைவில்லாத பலர் பின்தங்குவது இந்த இடத்தில்தான். மதிப்பெண்ணிலோ ஆங்கிலத்திலோ அல்ல.

இரண்டாம் வகையான உதவித்தொகைகளில் ஆட்சி செய்வது காலண்டர். ஐரோப்பாவின் மேரி ஸ்க்வோடோவ்ஸ்கா-க்யூரி உதவித்தொகைக்கு ஆண்டுக்கு ஒருமுறை, செப்டம்பரில் கடைசி நாள். 2025 அழைப்பின் விதிப்படி, பட்டத்துக்குப் பின் எட்டாண்டுக்கு மேல் ஆய்வு அனுபவம் கூடாது. போகும் நாட்டில், கடைசி நாளுக்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கக் கூடாது. அந்த அழைப்புக்கு 17,000க்கு மேற்பட்டோர் போட்டார்கள். முந்தைய ஆண்டில் பத்தாயிரத்துச் சொச்சம்தான். அமெரிக்காவில் கதவு இறுகியதும் கூட்டம் எந்தப் பக்கம் திரும்பியது என்பதற்கு இந்த எண்ணில் ஒரு தடயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஜெர்மனியின் ஹம்போல்ட் உதவித்தொகைக்கு எப்போது வேண்டுமானாலும் போடலாம், ஆனால் பட்டம் வாங்கி நான்காண்டுக்குள். ஜப்பானின் ஜேஎஸ்பிஎஸ் ஆறாண்டு வரை பார்க்கும், மாதம் 3,62,000 யென் தரும். விண்ணப்பத்தைப் போடுவது நீங்கள் அல்ல, உங்களை ஏற்கும் ஜப்பானியப் பேராசிரியர். உயிரியலாளர்களுக்கான எம்போ இரண்டே ஆண்டுதான் பார்க்கிறது.

நம் பல்கலைக்கழக நடைமுறையை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சினாப்சிஸ், அதன்பின் தீசிஸ், அது வெளிமாநில, வெளிநாட்டுத் தேர்வாளர்களுக்குப் போய் அறிக்கை வருவது, பொது வைவா, ப்ரொவிஷனல் சான்றிதழ், கடைசியில் பட்டமளிப்பு. ஒரு தேர்வாளர் அறிக்கை அனுப்பாமல் இழுத்தால் மாதக்கணக்கில் எல்லாம் நின்றுவிடும். ஃபெலோஷிப் அதற்கு முன்பே முடிந்திருக்கும். விசித்திரம் என்னவென்றால், இந்தத் தாமதம் எல்லாரையும் ஒரே மாதிரி அடிப்பதில்லை. பட்டத் தேதியிலிருந்து எண்ணும் வெளிநாட்டு உதவித்தொகைகளைப் பொறுத்தவரை கடிகாரம் இன்னும் ஓடவே தொடங்கவில்லை. பிறந்த தேதியிலிருந்து எண்ணும் இந்திய உதவித்தொகைகளில் ஒவ்வொரு மாதமும் கழிந்துகொண்டே இருக்கிறது. எனவே எந்தக் கதவு எந்தத் தேதியை வைத்து எண்ணுகிறது என்று ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளாமல் தேடலைத் தொடங்கக் கூடாது. வைவா முடிந்திருந்தால் போதும் என்பது ஓரிடம், பட்டச் சான்று வேண்டும் என்பது இன்னோர் இடம், தீசிஸ் கொடுத்திருந்தாலே போதும் என்பது மூன்றாவது இடம். தேசியப் போஸ்ட்டாக்டரல் உதவித்தொகையான என்பிடிஎஃப் இந்த மூன்றாவது ரகம். தீசிஸ் கொடுத்துவிட்டு வைவாவுக்குக் காத்திருப்பவரும் போடலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

துறைக்குத் துறை முறையும் மாறும். கணிதத்துக்கு மேத்ஜாப்ஸ், கோட்பாட்டு இயற்பியலுக்கு அகாடமிக் ஜாப்ஸ் ஆன்லைன், வானியலுக்கு அமெரிக்க வானியல் சங்கத்தின் வேலைப் பதிவேடு என்று ஏறக்குறைய ஒரு பொதுச் சந்தையே இருக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பருக்குள் விண்ணப்பம், அடுத்த ஆண்டு இலையுதிர்காலத்தில் சேர்க்கை. வானியலில் பிப்ரவரி 15க்கு முன் யாரையும் முடிவெடுக்கச் சொல்லி நெருக்கக் கூடாது என்று ஒரு பொது உடன்பாடே உண்டு. நம் ஆள் மார்ச்சில் தீசிஸ் கொடுத்துவிட்டு ஏப்ரலில் தேடக் கிளம்பினால் ஒரு முழு ஆண்டு போயிற்று. வேதியியல், பொருளறிவியல், உயிரியலில் அப்படிப் பருவம் கிடையாது. இடம் எந்த மாதத்திலும் முளைக்கும், எந்த மாதத்திலும் மறையும்.

நாடுகளைப் பற்றிப் பேசினால் அமெரிக்காவில்தான் தொடங்க வேண்டும், இப்போதைய நிலையில் தயக்கத்தோடு. தேசிய சுகாதார நிறுவனம் 2024இல் முதலாண்டுப் போஸ்ட்டாக்கிற்கு நிர்ணயித்த ஊதியம் 61,008 டாலர். பாஸ்டனில் வாடகை கொடுத்தால் அது பெரிய தொகை இல்லை. 2025இல் ஆய்வு நிதிகள் ரத்தானதும், செப்டம்பரில் புதிய எச்-1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்டதும் பல ஆய்வகங்களைத் தயங்கவைத்தன. போஸ்ட்டாக்குகள் பெரும்பாலும் ஜே-1 விசாவில் போகிறவர்கள். அதில் ஐந்தாண்டு வரை இருக்கலாம். இரண்டாண்டு தாயகத்தில் இருந்துவிட்டு வர வேண்டும் என்ற நிபந்தனையைக் கொண்டுவரும் திறன் பட்டியலிலிருந்து 2024 டிசம்பரில் இந்தியா நீக்கப்பட்டது. அரசுப் பணத்தில் போகிறவர்களை மட்டும் நிபந்தனை இன்னும் பிடிக்கும். ஜெர்மனியில் ஒப்பந்தப் பணியா உதவித்தொகையா என்று முதலில் கேட்க வேண்டும். ஒப்பந்தத்தில் சமூகக் காப்பீடும் ஓய்வூதியக் கணக்கும் சேர்ந்து வரும், உதவித்தொகையில் வராது. அங்கே தற்காலிகப் பணிச் சட்டம் பட்டத்துக்குப் பின் பொதுவாக ஆறாண்டுதான் தருகிறது. அதை எதிர்த்து 2021இல் ஜெர்மன் ஆய்வாளர்களே ‘நான்தான் ஹன்னா’ என்ற ஹேஷ்டேக் போட்டுச் சமூக ஊடகங்களில் கொதித்தார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களின் வரைபடம் இதிலிருந்து வேறு. நானோ பொருள், ஒளிவினையூக்கி, சூப்பர்கெபாசிட்டர் என்று வேலை செய்த நம் வேதியியல், இயற்பியல் பட்டதாரிகள் தென் கொரியாவிலும் தைவானிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். கொரியாவின் பிரெய்ன் பூல் திட்டம், தைவான் பல்கலைக்கழகங்களின் திட்ட நிதி, இன்னும் தள்ளிப் போனால் சிலியின் ஃபோன்டெசிட் என்று ஒவ்வொன்றிலும் முன்னால் போன அண்ணனோ அக்காவோ பின்னால் வருகிறவரைக் கூப்பிட்டுக்கொள்ளும் சங்கிலி ஓடுகிறது. இதை மட்டமாகப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கருவிகள் நன்றாக இருக்கும், கட்டுரைகள் வேகமாக வரும். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அந்த ஆய்வகத்திலிருந்து போனவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள்? பழைய உறுப்பினர் பட்டியலே இல்லாத ஆய்வகத்தைக் கண்டால் ஜாக்கிரதை. அங்கிருந்து விலகிய ஒருவரிடம் பத்து நிமிடம் போனில் பேசுவது, பேராசிரியரின் எச்-இண்டெக்ஸை ஒரு மணி நேரம் ஆராய்வதைவிடப் பயன் தரும்.

இந்தியாவுக்குள்ளே தேடுகிறவர்களுக்கு இடம் குறைவு என்று சொல்ல முடியாது. தாறுமாறாகச் சிதறிக் கிடக்கிறது. முன்பு எஸ்இஆர்பி நடத்தி, இப்போது அனுசந்தான் தேசிய ஆய்வு அறக்கட்டளையின் கீழ் வந்துவிட்ட என்பிடிஎஃப் இரண்டாண்டு; வயது 35, பெண்களுக்கும் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் ஐந்தாண்டு தளர்வு. சென்னை ஐஐடி, பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனம், ஐசர்கள் ஆகியவை தங்கள் சொந்தப் போஸ்ட்டாக் இடங்களை வைத்திருக்கின்றன. திட்டங்களில் ரிசர்ச் அசோசியேட்டாகச் சேர்ந்தால் 2023 திருத்தத்தின்படி மாதம் 58,000 முதல் 67,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும். பணம் சில சமயம் மாதக்கணக்கில் தாமதமாக வரும் என்பதையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். ஒரு நல்ல இந்திய ஆய்வகத்தில் இரண்டாண்டு இருந்து இரண்டு உருப்படியான கட்டுரை எழுதுவது, வெளிநாடு என்ற பெயருக்காகக் கிடைத்த இடத்தில் போய் உட்காருவதைவிடச் சிறந்த முடிவாகப் பலமுறை இருக்கும். கல்யாணப் பேச்சில் வெளிநாட்டுக்கு இருக்கும் எடை வேறு விஷயம்.

இதெல்லாம் எதற்காக என்ற கேள்வியையும் தள்ளிவைக்க முடியாது. அறிவியலில் பிஎச்.டி. பெறுவோரில் 3.5 சதவீதம் பேர்தான் பல்கலைக்கழகத்தில் நிரந்தர ஆய்வுப் பணிக்கு வருகிறார்கள், பேராசிரியராவோர் 0.45 சதவீதம் என்று 2010இல் ராயல் சொசைட்டி பிரிட்டனை வைத்துக் கணக்குச் சொன்னது. இங்கே அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு 4,000 உதவிப் பேராசிரியர் என்று 2024இல் அறிவிப்பு வந்தது, தள்ளிப்போனது, 2025 அக்டோபரில் 2,708 என்று திரும்பி வந்தது. அதற்காகவே போஸ்ட்டாக்கை விட்டுவிட்டு ஊரில் உட்கார்ந்திருந்தவர்கள் உண்டு. யுஜிசியின் 2018 விதிமுறையில், பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் நேர்காணலுக்கு ஆள் தேர்வதற்கான மதிப்பெண் பட்டியலில் போஸ்ட்டாக் அனுபவத்துக்கு ஆண்டுக்கு 2 வீதம், அதிகபட்சம் 10 கிடைக்கிறது. ஐந்தாண்டுக்கு மேல் எத்தனை ஆண்டு இருந்தாலும் அந்தப் பத்துதான்.

திரும்பி வரும் கதவுகளுக்கும் தனித்தனிக் கடிகாரம் இருக்கிறது. இன்ஸ்பையர் ஃபேகல்டி உதவித்தொகைக்குப் பொதுப்பிரிவில் வயது 32 வரை, வெளிநாட்டிலிருந்து வருவோருக்கான ராமானுஜன் உதவித்தொகை 40 வரை, உயிரறிவியலுக்கு ராமலிங்கசுவாமி உதவித்தொகை. முப்பதில் முதல் போஸ்ட்டாக்கில் சேர்ந்து மூன்றாண்டு இருந்தால் இன்ஸ்பையர் கைநழுவிவிடும். இரண்டாவது, மூன்றாவது போஸ்ட்டாக் என்று நீட்டித்துக்கொண்டே போனால் ராமானுஜனும் எட்டாது. பழைய ஆய்வகத்தில் ஒப்பந்தம் நீட்டிக்கத் தயார் என்ற கடிதம் வந்தால் மகிழ்ச்சியோடு கையெழுத்துப் போடுவதுதான் இயல்பு. அதற்கு முன் இந்த மூன்று விதிகளின் அந்த ஆண்டுப் பதிப்பை எடுத்து, சேரும் தேதியல்ல, முடியும் தேதியில் தனக்கு என்ன வயது என்று பார்த்துக்கொள்வது நல்லது.